நூல்களுக்கு இடம் வகுத்த ரங்கநாதர்

புத்தகசாலையினுட் புகுந்து, வேண்டிய நூலின் பெயரைச் சொல்லி, அதனைப் பெற்றுத் திரும்பும் நம்மில் எத்துணைப் பேர், அந்நூல் அவ்விடத்தே எவ்வாறு வந்து நின்றது என்று ஒரு கணமேனும் சிந்தித்திருப்போம்? பல்லாயிரம் நூல்களினிடையே ஒரு நூல் தனக்குரிய இடத்தில் நிற்பதும், நாடியவுடன் கைக்கு எட்டுவதும் தாமே நிகழ்வனவென்று கருதுகின்றோம். அவை தாமே நிகழ்வன அல்ல. அதன் பொருட்டே ஏறக்குறைய ஐம்பதாண்டு உழைத்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் தோன்றினார். அவர் நம் கலாசாலையை யொத்ததொரு மிஷன் கலாசாலையிலே பயின்று வெளிவந்தவர். பிற நாட்டுப் புத்தகசாலையாளர் அவர் பெயரைப் பக்தியோடு சொல்ல, நம் மாணவர் பலர் அதனைக் கேட்டதுமில்லை யாதலால், அவரது சரித்திரத்தை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

சீர்காழி இராமாமிருத ரங்கநாதர் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர். தாயார் சீதாலக்ஷ்மி அம்மையார். ஆறு வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அளவிலோ தந்தையை இழந்தார். பேசுங்கால் நாத் தடைப்படும் குறையும் இளமை தொட்டு அவருக்கு இருந்தது. உபாத்தியாயராவதற்கு இதனினும் பெரிய இடையூறு வேறென்ன வேண்டும்? ஆயினும் அவர் விரும்பியது அத்தொழிலையே. சீர்காழியிலுள்ள ஹிந்து ஹைஸ்கூலிற் பயின்றபின், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையை அடைந்து, 1913-இல் பி. ஏ. பட்டமும் 1916-இல் கணித சாஸ்திரத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார்.

அக்கலாசாலையில் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் என்னும் பேராசிரியரை அவர் தம் வாழ்நாள் முழுவதும் குருவாகவே போற்றினார். கணக்கிற்கு விடை காண்பதோடு அமையாது, அவ்விடை எவ்விதியினின்று பிறக்கின்றது என்று ஆராயும் பழக்கம் அவரிடத்தே ரங்கநாதருக்கு வாய்த்தது. இதனை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். பின்னர் நிகழ்ந்த யாவற்றிற்கும் இதுவே வித்து.

சைதாப்பேட்டை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலுள்ள அரசாங்கக் கலாசாலைகளிலும், 1921 முதல் சென்னை இராஜதானிக் கலாசாலையிலும் கணிதம் போதித்தார். மாணவருக்குப் பிரியமான ஆசிரியராயிருந்தார். அவ்வண்ணமே அவர் காலம் கழிந்திருக்குமாயின், நல்லாசிரியர் ஒருவர் என்பதற்கு மேல் நாம் சொல்ல வேண்டுவது ஒன்றுமிராது.

1923-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையார், தம் புத்தகசாலையை நடத்துதற்கு ஓர் அதிபர் வேண்டுமென அறிவித்தனர். தொள்ளாயிரம் பேர் மனுச் செய்தனராம். அவருள் இத்துறையிற் பயிற்சியுடையார் ஒருவருமிலர். ரங்கநாதரும் மனுச் செய்தார். செய்ததை மறந்தும் விட்டார். நேரிற் காண அழைப்பு வந்தபோது, அதற்குச் சில நாள் முன்னர்க் கலைக்களஞ்சியத்தில் புத்தகசாலையைப் பற்றிய கட்டுரை யொன்றைப் படித்ததே அத்தொழிலில் அவருக்கிருந்த முழு அறிவு. எனினும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் சில எழுதியிருந்தமையால் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1924 ஜனவரியில் அவர் பதவியேற்றார்.

ஏற்றவர் இன்புற்றாரோ எனில், இல்லை. முன்பு மாணவர் கூட்டத்தினிடையே நின்றவர், இப்பொழுது ஒரு தனியறையில் வருவாரின்றி வீற்றிருக்கலானார். சில வாரங்களுக்குள் சலிப்பு மேலிட, அதிகாரிகளிடம் சென்று, தம்மைப் பழைய ஆசிரியத் தொழிலுக்கே அனுப்பிவிடுமாறு இரந்தார். அவர்கள் நயமானதோர் உடன்படிக்கை செய்தனர். இங்கிலாந்து சென்று புத்தகசாலைத் தொழிலைப் பயின்று வருக; வந்தபின்னும் மனம் கொள்ளாதாயின் கணித ஆசிரியர் பதவி அவருக்கே உண்டு என்பது அது. வேலை பிடிக்கவில்லை என்று சொன்னவரை வெறுத்தொதுக்காது கடல் கடந்து அனுப்பிய அவ்வதிகாரிகளையும் நாம் பாராட்டுகின்றோம்.

இலண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையில் ஸேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் நூற்பகுப்பு முறையைக் கற்றார். ஸேயர்ஸ் குராய்டன் நகரத்துப் புத்தகசாலையின் தலைவருமாவார். ரங்கநாதர் ஏட்டறிவோடு நில்லாமல் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகசாலைகளை நேரிற் சென்று கண்டார். கூலியாட்களும் குழந்தைகளும் புத்தகசாலையுட் புகுந்து நூல்களை எடுத்துச் செல்லக் கண்டபோது அவர் மனம் திரும்பிற்று. பூட்டிய அலமாரிகளுள் நூல்கள் உறங்குவதையே நம் நாட்டிற் கண்டு பழகியவர் அவர். அன்று முதல் கணித ஆசிரியர் பதவியை அவர் நாடவில்லை.

ஆனால் அங்கும் ஒரு குறையை அவர் கண்டார். அமெரிக்கராகிய மெல்வில் டியூயி என்பார் 1876-இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பே அக்காலத்திற் பெரிதும் வழங்கியது. அறிவனைத்தையும் பத்துக் கூறாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாக்கி, இங்ஙனமே பகுத்துச் சென்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுப்பது அம்முறை. எளிது, நினைவில் நிற்பது, பெரும்பயன் விளைத்தது. ஆயின், எல்லா அறைகளையும் முன்னரே கட்டிவிட்டு, வருகின்ற நூலை அவற்றுள் ஒன்றில் தள்ளுவதே அதன் இயல்பு. கட்டியவர் எந்நாட்டினரோ அந்நாட்டுக்கேற்ப அறைகள் அமையும். சமயத்துக்கு அதில் 200 முதல் 299 வரையுள்ள எண்கள் உரியன. அவற்றுட் பெரும்பகுதி கிறிஸ்தவ சமயத்துக்கே செல்ல, உலகத்திலுள்ள ஏனைச் சமயங்கள் யாவும் 290-க்குரிய பத்து எண்களுள் நெருக்குண்டு நின்றன. மிஷன் கலாசாலைப் பத்திரிகையில் எழுதும் நாமும், அப்பங்கீடு நேரிதன்று என ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தஞ்சை ஜில்லாவில் நெற்பயிருக்கு வரும் நோயைத் தடுக்கும் வழியைப் பற்றி ஒருவர் நூலெழுதினார் என வைத்துக்கொள்வோம். அதனை நெல் என்னும் அறையில் வைப்பதா? பயிர் நோய் என்னும் அறையிலா? தஞ்சை என்னும் அறையிலா? எங்கே வைப்பினும், ஏனை இரண்டு வழியாகத் தேடி வருபவன் ஏமாந்து திரும்புவான். வைத்தவரைக் குறை கூறிப் பயனில்லை; ஒரு விஷயத்துக்குப் பல முகங்கள் இருக்க, ஒரு முகத்தையே பார்த்து அறை கட்டியது முறையின் பிழை.

இக்குழப்பம் மனத்தை வருத்திக்கொண்டிருந்த காலத்தில், இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை ரங்கநாதர் கண்டார். துளையிட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், அச்சுகள், திருகாணிகள் இவ்வளவே ஒரு பெட்டியில் உள்ளன. அவற்றை ஒருவகையாய்ப் பூட்டினாற் பாலம். மற்றொருவகையாய்ப் பூட்டினாற் பாரந்தூக்கி. பிறிதொருவகையாய்ப் பூட்டினால் வண்டி. சிறுவர் ஆயிரவர் கண்டு களித்த அப்பெட்டி இவருக்கு மட்டும் விடையாய் நின்றது. விஷயங்களுக்கு முன்கூட்டியே அறை கட்டுதல் வேண்டா. விஷயங்களின் உறுப்புகளை மட்டும் வகுத்து எண்ணிட்டு வைப்போம். நூல் வந்தபின் அதன் உறுப்புகளைப் பூட்டி எண்ணை ஆக்கிக்கொள்வோம் என்பது அவர் கண்ட வழி. 1925-இல் தாய்நாடு திரும்பும் கப்பலிலேயே அவர் இம்முறையை வகுக்கத் தொடங்கினார். கப்பலிலிருந்த சிறிய புத்தகசாலையையே பரீக்ஷைக் களமாக்கி அந்நூல்களை மாற்றி அடுக்கினார் என்பர். உடன்வந்த பிரயாணிகள் என்ன நினைத்தனரோ!

சென்னையிற் பல ஆண்டு சோதித்துத் திருத்தி, 1933-இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். உறுப்பெண்களை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தமையால், ஆங்கிலத்தில் அப்புள்ளியின் பெயராகிய கோலன் என்பதே முறைக்குப் பெயராயிற்று. மருத்துவத்துக்கு எல் என்னும் ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, க்ஷயரோகத்துக்கு 421, இந்தியாவுக்கு 44. நுரையீரலில் உண்டாகும் க்ஷயரோகத்தைப் பற்றிய நூல் வந்தால் இவற்றுள் வேண்டியவற்றைக் கோத்துக்கொள்ளலாம். நூல் இந்தியாவைப் பற்றியதாயின் 44-ஐயும் சேர்க்கலாம். இலக்கியமாயின் முதலில் மொழி, பின்பு செய்யுளோ நாடகமோ என்னும் வடிவம், அதன்பின் ஆசிரியர். ஆசிரியருக்கு எண் அவர் பிறந்த ஆண்டே. 1564-இற் பிறந்த ஷேக்ஸ்பியருக்குப் பதினாறாம் நூற்றாண்டைக் குறிக்கும் ஜே என்னும் எழுத்தும் 64-உம் உரியன. ஆகவே அலமாரியில் ஆசிரியர்கள் தாம் பிறந்த வரிசையிலேயே நிற்பர். இலக்கிய சரித்திரம் கண்முன் விரியும்.

உறுப்புகள் எத்துறையிலும் ஐந்து வகைக்குள் அடங்கும் என்பது பிற்காலத்தில் அவர் நிலைநாட்டிய கொள்கை. 1952-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் அது தெளிவாக அமைந்தது. நூல் எதனை முதன்மையாகக் கொண்டு பேசுகின்றதோ அதன் தனித்தன்மை, அது எதனாலாயது என்னும் பொருள், அதன்கண் நிகழும் செயல், இடம், காலம் என்பன அவ்வைந்து. மேற்காட்டிய நூலில் நெல் முதன்மை, நோயும் தடுப்பும் செயல், தஞ்சை இடம், நூல் குறிக்கும் ஆண்டு காலம். பொருள் என்னும் வகை அந்நூலில் இல்லை, இல்லாவிடில் விட்டுவிடலாம். இவை வரும் வரிசைக்கும் விதியுண்டு. கையாற் பற்றத்தக்க பருமை மிக்கது முன்னும், நுண்மை மிக்கது பின்னுமாக நிற்கும். ஒவ்வொரு வகையையும் வேறு பிரித்துக் காட்டக் கால்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என நாம் இலக்கணத்திற் கற்ற குறிகளையே அவர் ஏவல் கொண்டார்.

அலமாரி ஒன்று, தேடுவோர் பலர். க்ஷயரோகம் என்னும் சொல்லோடு ஒருவன் வருவான். நுரையீரல் என்னும் சொல்லோடு மற்றொருவன் வருவான். இவர்க்கு வழிகாட்ட 1938-இல் அவர் வெளியிட்டதே சங்கிலி முறை. நூலின் எண் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சொல். கடைசிக் கண்ணியிலிருந்து மேல்நோக்கிச் சென்று, க்ஷயரோகம், நுரையீரல், மருத்துவம் என ஒரு சீட்டும்; நுரையீரல், மருத்துவம் என ஒரு சீட்டும்; மருத்துவம் என ஒரு சீட்டும் எழுதி அகராதி வரிசையில் வைப்பர். எச்சொல்லைப் பற்றினும் நூலிடம் செல்லலாம். சொற்களை மனம்போனவாறு எழுதாமல் எண்ணிலிருந்தே பிறப்பித்தமையால், ஒரு சொல் எத்துறையில் வந்தது என்பதும் விளங்கும். பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியலை 1950 முதல் வெளியிட்டோர் இருபதாண்டு இம்முறையையே கையாண்டனர்.

இத்துணையும் சொன்னோம், இவற்றிற்கெல்லாம் அடிப்படை எது என்று சொல்லவில்லை. புத்தகசாலைத் தொழிலில் ஆயிரம் வழக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பிறப்பிக்கும் சில விதிகள் இராவோ என்று கணிதம் பயின்ற அவர் மனம் நெடுநாள் தேடிற்று. 1928-ஆம் ஆண்டில் அவருடைய பழைய ஆசிரியராகிய ராஸ், அவரைக் காண வந்தவர், அவர் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவினார். கேட்டபின், நூல்கள் பயன்படுத்துதற்கே உரியன என்பதுதானே முதல் விதி என்று எளிதாய்ச் சொல்லிவிட்டுப் போயினார். முடிச்சு அவிழ்ந்தது. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகனை அடைய வேண்டும். வாசகனுடைய காலம் வீணாகலாகாது. புத்தகசாலை வளர்ந்துகொண்டேயிருக்கும் என ஏனை நான்கும் அதனைத் தொடர்ந்து வந்தன. 1931-இல் இவ்வைந்தும் நூலுருவாயின. ஆசிரியர் போகிறபோக்கிற் சொன்ன ஒரு சொல் மாணவரிடத்தே எங்ஙனம் மரமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் நாம் அறியோம்.

அவரது உழைப்பு அஞ்சத்தக்கது. நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம், ஞாயிறென்றும் விடுமுறையென்றும் பாராது இருபதாண்டு உழைத்தார். முதல் மனைவியார் ருக்மிணி அம்மையார் 1928-இல் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தபோது, மணம் முடிந்த சில மணி நேரத்துக்குள் புத்தகசாலைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாராம். இதனை வியந்து பேசுவோர் பலர். வியப்பதா, அவ்வம்மையாருக்காக இரங்குவதா என்பது எமக்குத் துணிய முடியவில்லை. பிற்காலத்தில் தாம் சேர்த்த பொருளில் ஒரு லக்ஷ ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்து, புத்தகசாலைத் துறைக்கு ஒரு பேராசிரியர் பதவியை அவ்வம்மையார் பெயராலேயே ஏற்படுத்தினார்.

அலமாரிகளின் பூட்டைத் திறந்து வாசகரே நூலை எடுக்கச் செய்தது, 1928-இல் சென்னைப் புத்தகசாலைச் சங்கம் தோன்ற முயன்றது, 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொதுப் புத்தகசாலைச் சட்டத்துக்குப் பாடுபட்டது முதலியவற்றை விரிக்கிற் பெருகும். 1945-இற் சென்னையை விட்டுக் காசி ஹிந்து சர்வகலாசாலைக்குச் சென்று, அங்கே லக்ஷம் நூல்களுக்குத் தாமே எண் வகுத்தார். பின் டில்லி, அதன்பின் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜூரிச், 1962-இல் பெங்களூரில் ஆராய்ச்சி நிலையம். கணித மேதை ராமானுஜரைப் பற்றி 1967-இல் ஒரு சரித்திரமும் எழுதினார். பழைய கணித ஆசிரியர் உள்ளே உயிரோடிருந்தார் போலும்.

அவர் முறையை உலகம் ஏற்றதோ எனில், ஈண்டு உண்மையை மறைத்தல் தகாது. கோலன் முறைப்படி நூல்களை அடுக்கிய புத்தகசாலைகள் இந்தியாவிற் சில. பிற நாடுகளில் மிக அரிது. டியூயியின் முறையே இன்றும் எங்கும் பரந்து நிற்கின்றது. காரணம் ஓரளவு ரங்கநாதரே. பதிப்புக்குப் பதிப்பு விதிகளை மாற்றினார். மாற்றியபோதெல்லாம், முன்பதிப்பை நம்பி எண் ஒட்டிய புத்தகசாலையார் என் செய்வர்? ஆயிரக்கணக்கான நூல்களின் முதுகில் ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறு ஒட்டுவது யாரால் இயலும்? உண்மையை நாடியவர் ஒட்டுவோரின் கையை மறந்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆயின் முறை தோற்ற இடத்தில் கருத்து வென்றது. இலண்டனில் 1952-இற் கூடிய பகுப்பாராய்ச்சிக் குழுவினர், விஷயங்களை முகம் முகமாய்ப் பகுத்தலே தேடுதற்குரிய எல்லா முறைகட்கும் அடிப்படையாதல் வேண்டும் என 1955-இல் அறிக்கை விடுத்தனர். அவ்வழியே அக்கருத்துக் கணிப்பொறி யுலகத்துட் புகுந்தது. இன்று இணையக் கடையில் துணி வாங்குவோன் நிறம், அளவு, விலை, நூலின் இனம் என ஒவ்வொன்றாய்த் தேர்ந்து பட்டியலைச் சுருக்கிச் செல்கின்றானே, அவன் அறியாமலே சீர்காழியார் காட்டிய நெறியிற் செல்கின்றான்.

பத்திரிகைகளும் கலாசாலைகளும் தத்தம் கட்டுரைகளைக் கணிப்பொறியில் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் வகையும் குறிச்சொல்லும் இட்டு வைப்பது இந்நாள் வழக்கம். அத்தகைய தொகுப்பொன்றை அண்மையில் நாம் கண்டோம். விளையாட்டு, மதுரை, 1998, பேட்டி, மாணவியர் என்பன ஒரே நிரையில் வகைகளாய் நின்றன. 1998-இல் மதுரையில் ஆடி வென்ற மாணவி ஒருவரின் பேட்டி எவ்வகையிற் சேரும்? சேர்த்தவர் ஒரு வகையை எழுதிவிட்டு எழுந்து போயினார். அப்பேட்டி அன்றே மறைந்தது. விளையாட்டு என்பது விஷயம், மதுரை இடம், 1998 காலம், பேட்டி வடிவம், மாணவியர் என்பது யாரைப் பற்றியது என்னும் முகம். ஐந்தையும் ஐந்து நிரையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று தேர்க என்றிருந்தால் பேட்டி ஐந்து வழியாலும் அகப்பட்டிருக்கும். ஒரு படியிற் பகுக்குங்கால் ஒரே இயல்பு பற்றியே பகுக்க என்பது ரங்கநாதர் வற்புறுத்திய விதிகளுள் ஒன்று.

அத்தொகுப்பிலேயே புத்தகசாலை, நூல்நிலையம், நூலகம், வாசகசாலை என நான்கு குறிச்சொற்கள் தனித்தனியே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சில கட்டுரைகள். நூலகம் என்று தேடியவன் ஏனை மூன்றிலுள்ளவற்றைக் காணாது, இவ்வளவே போலும் என்று திரும்புவான். கருத்தின் தளம் வேறு, சொல்லின் தளம் வேறு, எண்ணின் தளம் வேறு என ரங்கநாதர் மூன்றாகப் பிரித்தது இதன் பொருட்டே. கருத்து ஒன்றாயின் அதற்குரிய இடம் ஒன்றே. சொற்கள் எத்தனையாயினும் அவை அவ்விடத்துக்குக் கைகாட்டி மரங்களாய் நிற்கலாமே யன்றி, ஒவ்வொன்றும் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாகாது. கணிப்பொறி எத்துணை விரைவாய் ஓடினும், இவ்வேலையை முன்னர் ஒருவர் இருந்து சிந்தித்துச் செய்தல் வேண்டும்.

1957-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. முதுமையிலும் பெங்களூர் நிலையத்தில் மாணவரோடு விவாதித்துக்கொண்டே, கோலன் முறையின் ஏழாம் பதிப்புக்கு வேண்டியவற்றை ஆராய்ந்துவந்தார். அது முடியுமுன் 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி காலமானார். அப்பதிப்பு, அவருடன் உழைத்தவர் முயற்சியால் 1987-இல் வெளிவந்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் தேதியை அவர் பிறந்த நாளென்று கொண்டு இந்தியப் புத்தகசாலைகளில் விழாக் கொண்டாடுகின்றனர். அவரோ தாம் பிறந்தது 9-ஆம் தேதியென்றே தம் நூலில் எழுதியுள்ளார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தவரின் பிறந்த நாள் மட்டும் மூன்று நாள் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றது.